ஏலத்தரி: ஒரு கமிட்டின் கதை

ஆம்ஸ்டர்டாமில் 1692-இல் அச்சான ஒரு லத்தீன் நூலின் பதினோராவது தொகுதியைப் பிரித்தால், நான்காவது ஐந்தாவது படங்களில் ஏலக்காய்ச் செடி வரும். தலைப்பு ‘எலெட்டாரி’. கொச்சிக்காரர்கள் சொன்ன ஏலத்தரிதான் டச்சுக்காரர் காதில் விழுந்து அப்படி ஆகியிருக்கிறது. நூலின் பெயர் ஹோர்ட்டுஸ் மலபாரிக்கஸ். பன்னிரண்டு தொகுதி, 742 தாவரங்கள், எண்ணூறை நெருங்கும் செப்புத்தகட்டுப் படங்கள். 1678-இல் முதல் தொகுதி வந்தது, கடைசித் தொகுதி 1693-இல். காகிதமும் மையும் ஆம்ஸ்டர்டாம், சரக்கு முழுக்கக் கொச்சி.

இன்றைய தாவரவியல் நூல்களில் இதே செடிக்குப் பெயர் எலெட்டாரியா கார்டமோமம். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘எல்.’ என்று ஒரு சுருக்கம், அடைப்புக்கு வெளியே ‘மேட்டன்’ என்று ஒரு பெயர். எல். என்றால் லின்னேயஸ், முதலில் பெயர் வைத்தவர். மேட்டன், அந்தப் பெயரை எடுத்து இன்றைய பேரினத்துக்குக் கீழே வைத்தவர். கிட்டில் வேலை செய்கிறவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். அங்கேயும் ஒவ்வொரு கமிட்டுக்கும் ஆத்தர், கமிட்டர் என்று இரண்டு பெயர்கள். எழுதியவர் ஒருவர், எடுத்துச் சேர்த்தவர் ஒருவர். ஏலத்தரிக்கு ஆத்தர் சுவீடன்காரர், கமிட்டர் லண்டன்காரர். செடியைக் காட்டியவரும், பெயர் சொன்னவரும், படம் வரைந்தவரும் அந்த வரியில் இல்லை. ஆனால் அவர்களை அடியோடு அழித்துவிடவும் முடியவில்லை. இரண்டும் எப்படி நடந்தது என்பதுதான் இந்தப் படத்தின் பயணக் கதை.

கிட் பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. மென்பொருள் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி அது. மென்பொருள் எழுதுகிறவர் ஒரு மாற்றத்தை முடித்ததும் கமிட் போடுவார். அந்த நேரத்தில் எல்லாக் கோப்புகளும் இருந்த நிலை, மாற்றியவர் பெயர், தேதி, எதற்காக மாற்றினார் என்ற குறிப்பு, இதற்கு முந்தைய கமிட் எது என்ற சுட்டு, எல்லாம் அதில் பதிவாகும். இவை அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு நாற்பது எழுத்தில் ஒரு ஹாஷ் வரும். முந்தைய கமிட்டின் ஹாஷும் இந்தக் கணக்குக்குள் இருப்பதால், பத்து வருடத்துக்கு முந்தைய குறிப்பில் ஒரு கால்புள்ளியைத் திருத்தினால்கூட அதற்குப் பின்னால் வந்த அத்தனை ஹாஷும் மாறிவிடும். தேதியும் இரண்டு உண்டு. ஒருவர் திங்கட்கிழமை எழுதியதை இன்னொருவர் வெள்ளிக்கிழமை சேர்த்தால் ஆத்தர் தேதி திங்கள், கமிட்டர் தேதி வெள்ளி.

ஏலத்தரிக்கு அந்தத் திங்கள் 1670-களின் கொச்சி. வெள்ளி 1692-இன் ஆம்ஸ்டர்டாம்.

ஹென்ட்ரிக் வான் ரீட் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரராகக் கேரளக் கரைக்கு வந்தவர். 1662-இல் மட்டாஞ்சேரி அரண்மனையில் நடந்த சண்டையில் கொச்சி அரசி பிடிபட்டார், பிடித்தவர் இவர்தான். மறு வருடம் ஜனவரியில் கொச்சிக் கோட்டை போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு வந்தது. போர்த்துகீசியர் கட்டி ராஜாவுக்குக் கொடுத்திருந்த அந்த மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சுக்காரர் பழுதுபார்த்தார்கள். அதற்கு இன்றும் பெயர் டச்சு அரண்மனை. கடைசியாகக் கை வைத்தவர் பெயரே நிலைப்பது கட்டடங்களுக்கும் உண்டு போலும்.

1670-இல் ரீட் மலபாரின் கமாண்டர் ஆனார். கம்பெனி ஊழியர்களுக்கு மருந்து ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. அதில் பல மருந்துச் சரக்கு ஆசியாவிலிருந்தே அங்கே போனதுதான் என்பதை அவர் கவனித்தார். இதோடு ஓர் அரசியலும் இருந்தது. இலங்கையில் இருந்த வான் கோயன்ஸ், கொழும்பைக் கம்பெனியின் பெரிய தளமாக்கப் பார்த்தார். ரீடுக்குக் கொச்சிதான் பெரியது. மலபாரில் என்னவெல்லாம் விளைகிறது என்று காட்டும் ஒரு நூல் அவர் கட்சிக்கு வலுச் சேர்க்கும். அறிவுத் தாகம் மட்டும்தான் காரணம் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை, வெறும் கணக்கு என்று தள்ளவும் முடியவில்லை. கணக்கு மட்டும் என்றால் மிளகும் ஏலமும் போதும், தும்பையைப் போல விலை போகாத செடிகளுக்கு யாரும் செப்புத்தகடு செதுக்க மாட்டார்கள்.

முதல் முயற்சி வீணாயிற்று. மத்தேயு என்ற இத்தாலியக் கார்மெல் சபைத் துறவி செடிகளைக் கோட்டுச் சித்திரமாக வரைந்து குறிப்பு எழுதிக் கொடுத்தார். அவற்றைக் கொண்டு செடியை அடையாளம் காண முடியாது என்று தெரிந்ததும் ரீட் அதை ஒதுக்கிவிட்டு வேலையை முதலிலிருந்து தொடங்கினார். எத்தனையோ மென்பொருள் திட்டங்களில் இப்படி முதல் கிளையை மூடிவிட்டுப் புதுக் கிளை திறந்திருக்கிறார்கள், பெரும்பாலும் சத்தமில்லாமல். ரீட் சத்தமில்லாமல் செய்யவில்லை. 1682-இல் வந்த மூன்றாவது தொகுதியின் முன்னுரையில் மத்தேயுவின் உழைப்பு, அது ஏன் போதவில்லை, பிறகு என்ன செய்தோம் என்று எல்லாவற்றையும் எழுதிவைத்தார். கமிட் குறிப்பில் ‘சில திருத்தங்கள்’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த முன்னுரையை வாசிக்கக் கொடுக்கலாம். என்ன மாறியது என்பதைக் கோப்பே காட்டிவிடும். ஏன் மாறியது என்பது மாற்றியவர் வாயைத் திறந்தால்தான் உண்டு.

புது ஏற்பாடு இப்படி. செடி தெரிந்தவர்கள் காட்டுக்குப் போய் இலை, பூ, காய் எல்லாம் இருக்கும் பருவத்தில் கொண்டுவருவார்கள். ஓவியர்கள் உடனே வரைவார்கள். இவர்களில் மார்செலிஸ் ஸ்ப்ளின்டர், அன்டோனி கோட்கிண்ட் என்ற இருவர் பெயர் நமக்குத் தெரியும். வைத்தியர்கள் பெயரும் குணமும் சொல்வார்கள். சொல்வது மலையாளத்தில். கம்பெனியின் துபாஷி இம்மானுவேல் கார்னெய்ரோ அதைப் போர்த்துகீசியத்துக்குக் கொண்டுபோவார். நகரச் செயலாளர் ஹெர்மன் வான் டூப் அதை லத்தீனாக்குவார். ஆரம்பத் தொகுதிகளின் லத்தீன் உரையைச் செம்மையாக்கி எழுதியவர் கொச்சியிலிருந்த பாதிரியார் யோஹன்னஸ் கசாரியஸ். இளமையில் தத்துவஞானி ஸ்பினோசாவிடம் பாடம் கேட்டவர் அவர்.

வைத்தியர்களில் முதன்மையானவர் சேர்த்தலைப் பக்கம் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன், ஈழவர். குடும்பமே வைத்தியக் குடும்பம், வீட்டில் பரம்பரை ஏடு இருந்தது. அவரோடு ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணிப் பிராமணர்கள். கோவாவிலிருந்து தெற்கே வந்து கொச்சியில் குடியேறிய சமூகம் அவர்களுடையது. அந்தச் சமூகத்தின் திருமலை தேவஸ்வம் கோயில் மட்டாஞ்சேரி செர்லாயில் இன்றும் இருக்கிறது. இவர்கள் நிகண்டைப் பார்த்துச் சொல்வார்கள், அச்சுதன் தன் ஏட்டையும் கை அனுபவத்தையும் வைத்துச் சொல்வார். இரு தரப்பும் எப்போதும் ஒத்துப்போயிருக்க வாய்ப்பில்லை. செடிகளைப் பற்றிய விவாதத்தில் வைத்தியர்கள் சூடேறாமல், மரியாதை குறையாமல் வாதிட்டதை ரீட் வியந்து எழுதியிருக்கிறார். ஒருவர் எழுதிய நிரலை மற்றவர்கள் அலசும் கோட் ரிவியூவில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்த வியப்பு புரியும்.

கருத்து வேறுபட்ட இடத்தில் அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஒரு பெயரை வைத்துக்கொண்டு இன்னொன்றை அடிக்கவில்லை. படத்தின் மேல் ஓரத்தில் வரிசையாக லத்தீன், மலையாளம், அரபு, ‘பிராமணர்’ என்று குறியிட்டு அந்தந்த எழுத்திலேயே பெயர்களைச் செதுக்கினார்கள். கொங்கணிப் பெயர் நாகரியில் இருக்கும். மெர்ஜ் செய்ய, அதாவது ஒன்றாக்க முடியாததை மெர்ஜ் செய்யாமல் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதும் ஒரு முடிவுதான்.

அடுத்து, கையெழுத்து. முதல் தொகுதியின் தொடக்கத்திலேயே சான்றுரைகள் அச்சாகியிருக்கின்றன. கார்னெய்ரோவின் சான்று 1675 ஏப்ரல் 19. இட்டி அச்சுதனுடையது மறுநாள், ஏப்ரல் 20. ‘நான் இன்ன ஊர், இன்ன குடும்பம். கமாண்டர் சொன்னபடி கொச்சிக்கு வந்து, என் ஏட்டில் இருப்பதையும் நான் பழகி அறிந்ததையும் கார்னெய்ரோவுக்குச் சொல்லி எழுதவைத்தேன், யாரும் சந்தேகப்பட வேண்டாம்’ என்பது அதன் சாரம். அவர் எழுதியது கோலெழுத்தில், நம் வட்டெழுத்தின் வழிவந்த எழுத்து அது. கொங்கணி வைத்தியர்கள் தம் மொழியில், நாகரியில் எழுதிக் கொடுத்தார்கள். வாசிக்கத் தெரியாத ஐரோப்பிய வாசகனுக்காக அந்த எழுத்துகளை அப்படியே தகட்டில் செதுக்கிப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் லத்தீன் மொழிபெயர்ப்பு.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுகிறவர்கள் இதே ஏற்பாட்டுக்கு வர 2004 ஆயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு எஸ்சிஓ என்ற நிறுவனம், தனக்குச் சொந்தமான நிரல் லினக்ஸில் கலந்திருக்கிறது என்று சொல்லி ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்லும்படி பதிவுகள் இருக்கவில்லை. அதன் பிறகுதான் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு விதி கொண்டுவந்தார். ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்று போட்டுப் பெயரும் மின்னஞ்சலும் எழுத வேண்டும். இதை நான் எழுதினேன், அல்லது கொடுக்க உரிமையுள்ளவரிடமிருந்து பெற்றேன் என்று உறுதி சொல்லும் வரி அது. மாற்றம் எத்தனை கை மாறுகிறதோ அத்தனை பெயர் அடியில் சேரும். ரீடின் நூலிலும் அப்படித்தான், கார்னெய்ரோவுக்குக் கீழே அச்சுதன், அவருக்குக் கீழே மூன்று பேர்.

சங்கிலி முழுசா என்றால், இல்லை. காடு ஏறி ஏலச்செடியை வேரோடு கொண்டுவந்தவர்களுக்குப் பெயர் கிடையாது. கெர்னலில் பிழையைச் சொன்னவருக்கு ‘ரிப்போர்ட்டட்-பை’, சோதித்தவருக்கு ‘டெஸ்டட்-பை’ என்று தனி வரிகள் உண்டு. ஆனால் அவற்றையும் யாராவது மெனக்கெட்டு எழுதினால்தான் உண்டு. தொலைபேசியில் பிழையைச் சொல்லி வழியையும் சொன்ன ஒருவர் எந்த வரலாற்றிலும் இருக்க மாட்டார்.

ஏலத்தின் விஷயத்தில் செடியைக் கொண்டுவந்தது பெரிய காரியம். மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளிலிருந்து கப்பலேறியது காய்ந்த காய் மட்டும். காயைப் பார்த்துச் செடியைச் சொல்ல முடியாது. ஐரோப்பாவில் ஏலக்காயை அரைத்துத் தின்றவர்களில் எவருக்கும் அது தரையில் எப்படி நிற்கும் என்று தெரியாது. பூங்கொத்து இலைத்தண்டின் உச்சியில் வராது, கிழங்கடியிலிருந்து தனியாகக் கிளம்பும். மலபார் வகையில் அது தரையோடு படுத்துக் கிடக்கும், மைசூர் வகையில் நிமிர்ந்து நிற்கும், வழுக்கை என்பதில் இரண்டுக்கும் நடுவே சாய்ந்திருக்கும். போடிநாயக்கனூரில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது பாலபாடம். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்கு இதைச் சொல்ல ஒரு படம் தேவைப்பட்டது.

படங்கள் தகட்டுக்குப் போயின. செப்புத்தகட்டில் கோடு தவறினால் லேசில் திருத்த முடியாது. தவறிய இடத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும், சுரண்டினால் அங்கே பள்ளம் விழும். பிறகு தகட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து சுத்தியால் தட்டித் தட்டி அந்த இடத்தை மேலே கொண்டுவந்து, தேய்த்துச் சமமாக்கி மறுபடி செதுக்க வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் பின்பக்கத்தில் சுத்தித் தடம் இருக்கும்.

இதற்குள் ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். ரீட் கொச்சியை விட்டுப் போன 1677-லேயே கசாரியஸ் இறந்தார். லெய்டனில் முதல் தொகுதிக்குக் குறிப்பெழுதிய பேராசிரியர் ஆர்னோல்ட் சைன் அடுத்த வருடம் இறந்தார். அந்த வேலை யான் கொமெலினிடம் போனது. ரீட் கம்பெனியின் ஆணையராக மறுபடி இந்தியா வந்து, 1691 டிசம்பரில் பம்பாய்க்கு அருகே கடலில் இறந்தார். சூரத்தில் அவருக்குப் பெரிய சமாதி கட்டினார்கள். ஏலத்தரி இருக்கும் தொகுதி அச்சாகும்போது அதைத் தொடங்கியவர் இல்லை. 1696-இல் யான் கொமெலினின் அண்ணன் மகனோ தம்பி மகனோ, காஸ்பர் கொமெலின், பன்னிரண்டு தொகுதிக்கும் சேர்த்து ஒரு பட்டியல் வெளியிட்டார். கமிட்டுக்கு ஒரு வரி வீதம் லாக் எடுத்துப் பார்ப்பதைப் போன்ற நூல் அது. வரலாறு நீண்டுவிட்டால் அப்படி ஒன்று இல்லாமல் உள்ளே நுழைய முடியாது.

பிறகு வந்தது 1753. லின்னேயஸ் தன் ‘ஸ்பீசீஸ் பிளான்டாரம்’ நூலில் அன்று தெரிந்த தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தார். ஏலம் முதல் பக்கத்திலேயே வருகிறது, அமோமம் கார்டமோமம் என்று. தாவரவியலாளர்கள் பின்னாளில் கூடி, 1753 மே 1-ஐத் தொடக்க நாளாக வைத்தார்கள். அதற்கு முன் யார் எந்தச் செடிக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் சட்டப்படி அது பெயரே இல்லை. ஹோர்ட்டுஸ் மலபாரிக்கஸின் கடைசித் தொகுதிக்கும் இந்த நாளுக்கும் இடையே அறுபது ஆண்டுகள். ஏலத்தரி கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

கெர்னலுக்கும் இப்படி ஒரு கோடு உண்டு. 1991-இல் தொடங்கிய லினக்ஸின் நிரல், 2002 முதல் பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளில் இருந்தது. 2005-இல் அதன் இலவச உரிமம் போனதும் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் தொடக்கத்தில் உட்கார்ந்து கிட்டை எழுத ஆரம்பித்தார். அதே மாதம் 16-ஆம் தேதி கெர்னலைக் கிட்டுக்குள் போட்டார். அந்த முதல் கமிட்டின் குறிப்பில் ஒளிவுமறைவு இல்லை. முழு வரலாறும் கையில் இருக்கிறது, ஆனாலும் சேர்க்கப்போவதில்லை, சேர்த்தால் 3.2 ஜிபி ஆகும், வேண்டுமென்றால் பிறகு தனியாக ஒரு பழைய களஞ்சியம் செய்துகொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார். ஹாஷ் 1-டி-ஏ-177-ஈ-4 என்று தொடங்கும்.

கெர்னல் நிரலில் பழைய வரி ஒன்றின் மேல் ‘கிட் பிளேம்’ ஓட்டியவர்களுக்கு அந்த ஹாஷ் மனப்பாடம். வரி வரியாக யார், எப்போது கை வைத்தார்கள் என்று பிளேம் காட்டும். ஒரு விசித்திரமான நிபந்தனையைப் பார்த்து, இதை யார் எதற்காக எழுதினார்கள் என்று தேடிப் போனால், ஒரு கமிட், அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று நடந்து கடைசியில் 1-டி-ஏ-177-ஈ-4-இல் முட்டிக்கொண்டு நிற்போம். ஆத்தர் டோர்வால்ட்ஸ் என்று திரை சொல்லும். அவர் அந்த வரியை எழுதியிருக்கவே மாட்டார். அன்றைக்கு எல்லாவற்றையும் தூக்கி உள்ளே போட்டவர் அவர், அவ்வளவுதான்.

எலெட்டாரியா கார்டமோமத்தின் மேல் பிளேம் ஓட்டினாலும் இதே கதை. மேட்டன் வருவார், அவருக்குப் பின்னால் லின்னேயஸ், அதோடு சுவர். சுவருக்கு அப்பால்தான் கடக்கரப்பள்ளி.

மேட்டன் வந்தது 1811-இல். பம்பாயில் ஆங்கிலக் கம்பெனியின் மருத்துவராக இருந்த டேவிட் வைட், மலபார் ஏலத்தைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை லண்டனின் லின்னேயச் சங்கத்துக்கு அனுப்பினார். லண்டன் மருத்துவரான வில்லியம் மேட்டன் அதன் பின்னால் சில பக்கங்களுக்குக் கூடுதல் குறிப்பு எழுதினார். மலபார் ஏலம் அமோமத்தில் அடங்காது, தனிப் பேரினம் வேண்டும் என்று வாதிட்டு, ரீடின் தலைப்பிலிருந்தே எடுத்து எலெட்டாரியா என்று வைத்தார். செடியோடு புழங்கியவர் வைட், பெயரில் நிற்பது மேட்டன். ஆனாலும் மேட்டன் சுவருக்கு அப்பால் போய்ப் பார்த்திருக்கிறார், அதை மறுக்க முடியாது. அவர் வேறு ஏதாவது கிரேக்கப் பெயர் வைத்திருந்தால் கொச்சிக்குத் திரும்பிப் போகும் சுட்டு அறுந்தே போயிருக்கும்.

லின்னேயஸ் வைத்த பழைய பெயரோ பின்னால் ஜாவாவின் உருண்டை ஏலத்துக்கும் ஒட்டிக்கொண்டு, பெரிய குழப்பம் ஆயிற்று. இந்த மாதிரிச் சிக்கலைப் பிரிக்கத் தாவரவியலில் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அத்தாட்சி வேண்டும், பெரும்பாலும் உலர்த்தி வைத்த செடி. அது இல்லையென்றால் ஆசிரியர் சுட்டிய படம். லின்னேயஸின் ஏலப் பெயருக்கு அறிஞர்கள் அத்தாட்சியாகத் தேர்ந்தது ரீடின் பதினோராவது தொகுதியின் நான்காவது ஐந்தாவது படங்களை. உலகத்தில் எங்கே ஒருவர் எலெட்டாரியா கார்டமோமம் என்று எழுதினாலும், அது எந்தச் செடி என்ற கேள்விக்குக் கடைசிப் பதில் கொச்சியில் வரைந்த படம். சட்டப்படி பெயரே இல்லாத ஒன்று, சட்டப்படியான பெயருக்குச் சாட்சி.

ஏலம் தப்பித்தது. மீதி எழுநூற்றுச் சொச்சம்? லின்னேயஸ் சிலவற்றைத்தான் பயன்படுத்தினார். மற்றவை இன்ன செடி என்று கண்டுபிடிக்கவே ஒரு பரம்பரை புறப்பட்டது. 1818-இல் ஜெர்மனியில் டென்ஸ்டெட் ஒரு திறவுகோல் எழுதினார். திப்புவின் வீழ்ச்சிக்குப் பிறகு மலபாரைச் சுற்றி வந்த புக்கானன் ஹாமில்டன் 1822 முதல் விளக்கவுரை வெளியிட்டார். 1839-இல் வேல்ஸில் டில்வின் முந்தையவர்கள் சொன்னதையெல்லாம் சரிபார்த்து ஒரு நூல் போட்டார். ஹாமில்டன் தவிரப் பலரும் மேசையில் உட்கார்ந்து படத்தையும் புத்தகத்தையும் ஒப்பிட்டவர்கள். நிரலை ஓட்டிப் பார்க்காமல் வாசித்து மட்டுமே ‘சரி’ போடும் ரிவியூவுக்கு எவ்வளவு மதிப்போ, இதற்கும் அவ்வளவு.

ஓட்டிப் பார்த்தவர் கே. எஸ். மணிலால். பரவூரில் பிறந்து கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். மாணவர்களோடு ரீடின் பழைய இடங்களுக்கே போய் அந்தச் செடிகளை மறுபடி சேகரித்தார். முப்பது ஆண்டுக்கு மேல் இந்த வேலை. 1988-இல் ஸ்மித்சோனியனின் டான் நிக்கல்சன், தன் மாணவர் சி. ஆர். சுரேஷ் இருவரோடு சேர்ந்து, ரீட் சொன்ன செடி இன்றைய இன்ன செடி என்று ஒவ்வொன்றாக நிறுவும் நூலை வெளியிட்டார். அதோடு நிற்காமல் லத்தீனைப் பழகி, பன்னிரண்டு தொகுதியையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் அதை வெளியிட்டது. அந்த லத்தீன் அச்சான நாளிலிருந்து அதுவரை முழு மொழிபெயர்ப்பு வந்ததில்லை. 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2025 புத்தாண்டு அன்று காலமானார்.

இட்டி அச்சுதனின் பங்கு பற்றி இன்று பேசுகிறோம் என்றால் அந்தச் சான்றுரைகள் அச்சில் இருந்ததால்தான். சுற்றுச்சூழல் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் குரோவ், ஐரோப்பியத் தாவரவியல் என்று நாம் நினைப்பதில் ஈழவ வைத்திய அறிவு எவ்வளவு கலந்திருக்கிறது என்று 1995-இல் வாதிட்டபோது அவர் கையில் எடுத்ததும் இவற்றைத்தான். ரீட் முதல் பக்கத்தில் தன் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தால் வாதிட ஒன்றும் இருந்திருக்காது. இன்று பல அலுவலகங்களில் மெர்ஜ் செய்யும்போது ஸ்குவாஷ் செய்வது வழக்கமாகிவிட்டது. நாற்பது கமிட்டை ஒன்றாக அமுக்கி மேலே ஒரு பெயர். எழுத்துப் பிழை திருத்தியது, மறந்துபோன கோப்பைச் சேர்த்தது எல்லாம் அமுங்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. நான்கு பேர் எழுதியதை ஒருவர் பெயரில் அமுக்குவது வேறு விஷயம். அடியில் ‘கோ-ஆத்தர்ட்-பை’ என்று ஒரு வரி சேர்க்க அரை நிமிடம் ஆகாது, கிட்ஹப் தானாகவே சேர்த்தும் தருகிறது. அதைக்கூட அழித்துவிட்டு மெர்ஜ் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நேர்த்தியாக இருக்க வேண்டுமாம்.

கெர்னல்காரர்கள் தங்கள் சுவரைத் தாண்ட வழி கண்டார்கள். தாமஸ் கிளைக்ஸ்னர் பிட்கீப்பர் காலத்து வரலாற்றைத் தனிக் கிட் களஞ்சியமாக்கிக் கொடுத்தார். அதை இறக்கிக்கொண்டு, ‘கிட் ரீப்ளேஸ்’ என்ற கட்டளையால் 2005-இன் முதல் கமிட்டுக்கு அதை முன்னோராக ஒட்டவைக்கலாம். மூல ஹாஷ் எதுவும் மாறாது, ஆனால் பிளேம் சுவரைத் தாண்டி உள்ளே போகும். ஒரே சிக்கல், இந்த ஒட்டு ஒட்டியவரின் கணினியில் மட்டும்தான். மற்றவர்கள் களஞ்சியத்தை எடுக்கும்போது அது தானாகப் போகாது. வேண்டியவர்கள் அவரவர் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மணிலாலின் நூலும் அத்தகைய ஒட்டுத்தான். பெயரிடல் விதி மாறவில்லை, தொடக்கம் இன்றும் 1753 மே 1, அடைப்புக்குறிக்குள் இன்றும் எல்., வெளியே மேட்டன். 2008-இல் பன்னிரண்டு தொகுதிகளும் மலையாளத்தில் வந்தன. அச்சுதன் மலையாளத்தில் சொன்னது போர்த்துகீசியம், லத்தீன், ஆங்கிலம் எல்லாம் சுற்றி மலையாளத்துக்கு வந்திருக்கிறது, ஆனால் வந்தது அவர் சொன்ன வாக்கியமல்ல. அவர் பார்த்துச் சொன்ன ஏடு கிடைக்கவில்லை, கார்னெய்ரோ எழுதிய போர்த்துகீசிய வரைவும் யாரிடமும் இல்லை. எந்தக் கிளையும் சுட்டாத கமிட்டைக் கிட் சில வாரம் வைத்திருந்து பார்த்துவிட்டு, குப்பை கூட்டும்போது நீக்கிவிடும். ஏட்டுக்கும் வரைவுக்கும் நடந்தது அதுதான். அச்சுதன் கையால் எழுதி நமக்கு மிஞ்சியது, முதல் தொகுதியில் இருக்கும் அந்த ஒரு பக்கக் கோலெழுத்து.